உடைத்தால்தான் கச்சேரி!

சென்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஒரு சிறு கலவரம் நடந்து விட்டது. கல்லூரியில் படிக்கும் என் மகள் கைத்தொலைபேசியில் ஏதோ படம் பார்த்துக் கொண்டிருந்தாள். பக்கத்தில் கீரை ஆய்ந்து கொண்டிருந்த என் மாமியார், "என்னடி அது, வயலின் கச்சேரியா?" என்று கேட்டுக் கொண்டே மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக் கொண்டார்.

கச்சேரிதான். மேடையில் கறுப்புக் கோட்டு அணிந்த ஒருவர் நிற்கிறார். எதிரே ஒரு மேஜை. வயலினைத் தோளில் சாய்த்துக் கொள்ளாமல் அதன் கழுத்தை இரண்டு கைகளாலும் பிடித்து, நத்தை ஊர்கிற மாதிரி மெல்ல மெல்ல மேலே தூக்குகிறார். ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம் ஆயிற்று. "எப்போதுதான் வாசிக்கப் போகிறான்?" என்று மாமியார் கேட்டு வாய் மூடவில்லை. மடேர்! வயலின் மேஜைமேல் சுக்குநூறாயிற்று. சபையோர் கை தட்டினார்கள்.

"அடப்பாவி! யாராவது அவன் கையிலிருந்து பிடுங்கி வைக்கக் கூடாதா!" என்று மாமியார் போட்ட கூச்சலில் கீரைத் தட்டு கவிழ்ந்தது.

"பாட்டி, இதுதான் கலை" என்றாள் என் மகள்.

"கலையாவது, கொலையாவது!" என்று சொல்லிவிட்டு மாமியார் கீரையைப் பொறுக்க ஆரம்பித்தார்.

சகோதரிகளே, அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எதையாவது உடைத்தால் வீட்டில் திட்டு வாங்குகிறோம். மேடையில் உடைத்தால் கை தட்டுகிறார்களே, இது எங்கே ஆரம்பித்தது என்று தேடத் தொடங்கினேன். தேடத் தேட விஷயம் நீண்டு கொண்டே போயிற்று. அதில் பாதியை உங்களோடு பகிர்ந்து கொள்ளாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

நாங்கள் பார்த்தது பழைய காரியம் ஒன்றை இந்தக் காலத்தில் யாரோ திரும்பச் செய்த படம். முதலில் செய்தவர் நாம் ஜூன் பைக் என்பவர். கொரியாவில் சியோல் நகரத்தில் 1932-இல் பிறந்தவர். சங்கீதம் தெரியாத முரடர் என்று நினைத்து விடாதீர்கள். டோக்கியோவில் படித்து, மேல்நாட்டு இசையை இன்னும் ஆழ்ந்து கற்பதற்காகவே ஜெர்மனிக்குப் போனவர். 1962-ஆம் வருஷம் ஜூன் மாதம் டூஸல்டார்ஃப் நகரத்து நாடகசாலை ஒன்றில் இதைச் செய்தார். அதற்கு அவர் வைத்த பெயரே தமிழில் சொன்னால் 'வயலின் தனிக்கு ஒன்று' என்று வரும். ஒன்றே ஒன்றுதான், ஒரே ஒரு சப்தம்.

அன்று சபையில் இருந்த ஆர்க்கெஸ்ட்ரா வித்வான் ஒருவர் பொறுக்க மாட்டாமல், வயலினைக் காப்பாற்றுங்கள் என்று கூவினாராம். இதைப் படித்ததும் மாமியாரிடம் ஓடினேன். "பார்த்தாயா, நல்ல மனுஷன் எந்த ஊரிலும் இருப்பான்" என்றார் அவர்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வயலினை நாங்கள் மூன்று பேரும் கண் கொட்டாமல் பார்த்தோம். வானொலியில் நல்ல நல்ல வித்வான்கள் வாசிக்கும்போது நான் கீரை ஆய்கிறேன், சட்னி அரைக்கிறேன், பால்காரர் கணக்குப் பார்க்கிறேன். அந்த இரண்டு மூன்று நிமிஷங்களும் என் கை அசையவில்லை. ஒரு வயலினை அவ்வளவு கவனமாக நான் பார்த்ததே அன்றைக்குத்தான் என்று தோன்றுகிறது. பைக் வேண்டியதும் அதுதானோ என்னவோ!

அதே வருஷம் செப்டம்பரில் இன்னும் பெரிய ரகளை நடந்தது. ஜெர்மனியிலேயே வீஸ்பாடன் என்ற ஊர். அங்கே அமெரிக்க விமானப்படையில் படம் வரையும் உத்தியோகத்திலிருந்த ஜார்ஜ் மசியூனாஸ் என்பவர், 'ஃப்ளக்ஸஸ்' என்ற பெயரில் தம் நண்பர் கூட்டத்தைச் சேர்த்துப் புதுமைச் சங்கீத விழா ஒன்று நடத்தினார். அதில் ஃபிலிப் கார்னர் என்ற அமெரிக்கர் எழுதிய 'பியானோ காரியங்கள்' என்ற உருப்படி இடம் பெற்றது. பியானோவின் கட்டைகளையும் தந்திகளையும் பலகையையும் பலர் பல விதமாகத் தொட்டும் தட்டியும் ஒலி எழுப்ப வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். அதை உடைக்க வேண்டும் என்று அவர் எழுதவே இல்லை. அன்று அவர் அந்த ஊரிலும் இல்லை. நண்பர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சுத்தி, ரம்பம், கடப்பாரை எல்லாம் எடுத்துக் கொண்டு பியானோவை விழா நாட்களிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துத் தீர்த்து விட்டார்கள். துண்டுகளை ஏலமும் போட்டார்கள்! ஜெர்மானியத் தொலைக்காட்சி அதைத் திரும்பத் திரும்பக் காட்டியது. கார்னருக்குச் செய்தி போனபோது அவர் மனம் நொந்து போனார். பிற்பாடு சமாதானமாகி, அவரும் அதை ஏற்றுக் கொண்டார் என்பது வேறு விஷயம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி மசியூனாஸ் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அந்தப் பழைய பியானோவை அவர்கள் வாங்கிய விலை 5 டாலர். விழா முடிந்ததும் அதை அப்புறப்படுத்த ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். உடைத்துவிட்டால் அந்தச் செலவு மிச்சம்! கலைப் புரட்சிக்கு நடுவில் இப்படி ஒரு குடும்பக் கணக்கு. போன வருஷம் எங்கள் பழைய மர பீரோவைக் கீழே இறக்க ஆட்கள் கேட்ட கூலியை நினைத்துக் கொண்டேன். எனக்கும் அப்போது கோடரி எடுக்கத் தோன்றியது உண்மை.

பியானோ எப்படி 5 டாலருக்கு வந்தது என்று கேட்கிறீர்களா? அங்கேதான் நமக்கு நெருங்கிய கதை இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கொஞ்சம் வசதியுள்ள வீடு என்றால் கூடத்தில் ஒரு பியானோ இருக்க வேண்டும். வீட்டில் பெண் இருந்தால் அவளுக்குப் பியானோ வாசிக்கத் தெரிய வேண்டும். விருந்தினர் வந்தால் இரண்டு உருப்படி வாசித்துக் காட்ட வேண்டும். விருந்தினரில் ஒரு வரன் இருந்தால் மூன்றாகவும் வாசிக்கலாம். இப்படிச் செய்து குவித்த பியானோக்கள் லட்சக்கணக்கில். அப்புறம் கிராமபோன் வந்தது, வானொலி வந்தது, தொலைக்காட்சி வந்தது. கூடத்தின் மூலையில் பியானோ இருந்த இடம் அவற்றுக்கு வேண்டியிருந்தது. பழுது பார்க்கும் செலவு பியானோவின் விலையைவிட அதிகமாயிற்று. இங்கிலாந்தில் கோடரி கொண்டு பியானோவை உடைத்து, எல்லாத் துண்டுகளையும் ஒரு சின்ன வளையத்தின் வழியாக யார் முதலில் தள்ளி முடிக்கிறார்கள் என்று பந்தயமே நடத்தினார்கள். அதற்குக் கலை என்று பெயர் வைக்கவில்லை. திருவிழா வேடிக்கை, அவ்வளவுதான். ஆகவே கலைஞர்கள் கை வைப்பதற்கு முன்பே பியானோ அநாதையாகி விட்டிருந்தது.

இதை நான் வாசித்துச் சொல்லிக் கொண்டிருந்தபோது மாமியார் வாய் திறக்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுப் பரணில், பழைய பவானி ஜமக்காளத்தில் சுற்றி, ஒரு வீணை கிடக்கிறது. அவருடைய வீணை. பெண் பார்க்க வந்த அன்று அதில் வாசிக்கச் சொன்னார்களாம். பெரியவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்களாம். கல்யாணத்துக்குப் பிறகு ஒருவரும் வாசி என்று சொல்லவில்லை; வாசிக்காதே என்றும் சொல்லவில்லை. ஆறு பேர் சமையல், மூன்று குழந்தைகள், மடி ஆசாரம்... வீணை கூடத்திலிருந்து உள் அறைக்குப் போய், உள் அறையிலிருந்து பரணுக்கு ஏறிவிட்டது. சரஸ்வதி பூஜைக்கு மட்டும் இறங்கி வந்து, சந்தனம் குங்குமம் வைத்துக் கொண்டு, மறுநாள் மேலே போய்விடும். சில வருஷங்களாக அதுவும் இல்லை.

போகட்டும், விட்ட இடத்துக்கு வருகிறேன்.

உடைக்கிறவர்கள் எல்லோரையும் ஒரே கூடையில் போடக் கூடாது என்று எனக்குப் புரிய வைத்தவர் குஸ்தாவ் மெட்ஸ்கர். ஜெர்மனியில் நியூரம்பர்கில் 1926-இல் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஹிட்லரின் கொடுமையிலிருந்து யூதக் குழந்தைகளை மட்டுமாவது தப்ப வைக்க அவர்களை ரயிலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள் அல்லவா, அப்படி 1939-இல் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு 12 வயது. தாய் தகப்பனார் நாஜிகளின் கையில் மாண்டார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து ஓவியராகி, 1959-இல் 'தன்னைத் தானே அழித்துக் கொள்ளும் கலை' என்று ஓர் அறிக்கை வெளியிட்டார். 1961-இல் லண்டனில் தேம்ஸ் நதிக் கரையில் நைலான் துணியை விரித்துக் கட்டி, அதன்மேல் அமிலத்தைப் பூசினார். துணி கரைந்து கரைந்து ஓட்டையாகிக் காணாமல் போயிற்று. அணுகுண்டு செய்து அடுக்கி வைத்திருக்கும் உலகத்துக்கு அழகான படம் எழுதிக் கொடுத்து என்ன பிரயோஜனம் என்பது அவருடைய கேள்வி. குழந்தையாக இருக்கும்போதே வீடு, ஊர், பெற்றோர் மூன்றும் நாசமாவதைக் கண்டவர் கேட்கிற கேள்வி. 'ஐயோ, நல்ல நைலான் துணி போயிற்றே!' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் 1966 செப்டம்பரில் லண்டனில் ஒரு மகாநாடு கூட்டினார். கலையில் அழித்தல் என்பதுதான் பொருள். நியூயார்க்கிலிருந்து வந்த ரஃபேல் ஆர்ட்டிஸ் என்பவர் அந்தச் சமயத்தில் ஒரு வீட்டில் பியானோவைக் கோடரியால் பிளந்தார். அந்த மிச்சம் மீதி இப்போது டேட் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ஆர்ட்டிஸ் மூன்று வருஷம் கழித்து நியூயார்க்கில் போர்ட்டோ ரிக்கோ மக்களின் கலைக்காக ஓர் அருங்காட்சியகத்தை ஸ்தாபித்தார் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். உடைத்த கையே கட்டவும் செய்திருக்கிறது.

மெட்ஸ்கர் ஒரு சமயம் ஈலிங் கலைக் கல்லூரியில் பேசினார். கேட்டுக் கொண்டிருந்த மாணவர்களில் ஒருவர் பீட் டவுன்ஷெண்ட். 'தி ஹூ' என்ற பாட்டுக் கூட்டத்தில் கிடார் வாசித்தவர். 1964-இல் லண்டனுக்கு அருகே ஹாரோ பக்கத்து விடுதி ஒன்றில் வாசிக்கும்போது, கூரை தாழ்வாக இருந்ததால் கிடாரின் தலை மேலே இடித்து முறிந்துவிட்டது. முன்னால் இருந்தவர்கள் இளித்தார்கள். இளைஞருக்கு அவமானம் பொறுக்கவில்லை. வேண்டுமென்றே செய்த மாதிரி மிச்சத்தையும் அடித்து நொறுக்கிவிட்டு வேறு கிடாரை எடுத்து வாசித்தார். பிறகு பார்க்க வேண்டுமே! அடுத்த தடவை வந்த கூட்டம், 'இன்று உடைப்பாரா, மாட்டாரா' என்று காத்திருக்க ஆரம்பித்துவிட்டது. மத்தளக்காரர் கீத் மூன் தம் மத்தளங்களை உதைத்துத் தள்ளத் தொடங்கினார். உடைந்ததைப் பசை போட்டு ஒட்டி மறுபடி உடைத்தார்களாம். சம்பாத்தியத்தைவிட இந்தச் செலவு மிஞ்சிப் போயிற்றாம். ஒரு தடவை கோபத்தில் தட்டை வீசிவிட்டு, பிறகு தினமும் விருந்தாளிகளுக்கு முன்னால் தட்டு வீச வேண்டிய நிலை வந்தால் எப்படி இருக்கும்? மெட்ஸ்கரின் துயரம் இங்கே டிக்கெட் விற்கும் சரக்காகிவிட்டது என்பது என் அபிப்பிராயம். என் மகள் ஒப்புக் கொள்ளவில்லை. அந்த வயதுப் பிள்ளைகளின் கோபமும் நிஜம்தானே அம்மா என்கிறாள். இருக்கலாம்.

இனி வருவது 1967 ஜூன் 18, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் கடலோர ஊரான மான்டெரே. மூன்று நாள் சங்கீத விழாவின் கடைசி நாள். அன்று மத்தியானம் முழுவதும் யாருக்கு ஒதுக்கியிருந்தார்கள் தெரியுமா? நம் ரவிசங்கருக்கு! அல்லா ரக்கா தபலா. கமலா சக்கரவர்த்தி தம்புரா. வெள்ளைக்காரப் பிள்ளைகள் மணிக்கணக்கில் கட்டுண்டு கேட்டு, முடிந்ததும் எழுந்து நின்று ஆரவாரித்தார்கள். திரைப்படமாகவே எடுத்திருக்கிறார்கள், கிடைத்தால் பாருங்கள்.

அன்று இரவு அதே மேடையில் 'தி ஹூ' வந்து கிடாரை உடைத்தது. அப்புறம் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். யார் முன்னால், யார் பின்னால் என்று காசு சுண்டிப் பார்த்தே முடிவு செய்தார்களாம், முன்னால் போகிறவர் உடைத்துவிட்டால் பின்னால் வருகிறவருக்கு என்ன மிச்சம் என்ற கவலை! ஹெண்ட்ரிக்ஸ் இடது கைப் பழக்கமுள்ள மகா வாசிப்புக்காரர். வாசித்து முடித்துக் கிடாரைக் கீழே கிடத்தி, மண்டியிட்டு, அதன்மேல் எரிபொருளைத் தெளித்துத் தீ வைத்தார். பிறகு அடித்து உடைத்தார். நேசிக்கிற பொருளைத்தான் பலி கொடுக்க முடியும், அது ஒரு பலி என்கிற பாவனையில் அவர் பிற்பாடு பேசியிருக்கிறார்.

ரவிசங்கர் அதைப் பார்த்தார். அவ்வளவு அற்புதமாக வாசித்தவரே இப்படிச் செய்தாரே என்று மனம் புண்பட்டுப் போனதாகச் சொல்லியிருக்கிறார். வாத்தியத்தைத் தெய்வத்தின் அம்சமாக வைத்துப் பழகியவர் அல்லவா? நம்மில் யாருக்காவது கால் தவறி மிருதங்கத்தில் பட்டுவிட்டால் கை தானாகக் கண்ணில் ஒற்றிக் கொள்கிறது. அது சொல்லிக் கொடுத்து வருவதில்லை.

நானும் ரவிசங்கர் கட்சிதான். ஆனாலும் என் மகள் ஒரு கேள்வி கேட்டாள். "ஹெண்ட்ரிக்ஸ் ஐந்து நிமிஷத்தில் எரித்தார். நாம் பரணில் போட்டு அறுபது வருஷமாக எரிக்கிறோம். எது பாவம்?" நல்ல வேளை, மாமியார் அப்போது குளித்துக் கொண்டிருந்தார்.

1979-இல் நியூயார்க்கில் 'தி கிளாஷ்' கூட்டத்தைச் சேர்ந்த பால் சிமனன் தம் கிடாரைத் தரையில் அறைந்த புகைப்படமும் உலகப் பிரசித்தம். அந்த உடைசலை லண்டன் அருங்காட்சியகத்தில் வைத்துக் காட்டினார்கள். 2001-இல் கார்னீலியா பார்க்கர் என்ற அம்மாள், ஊதும் வாத்தியங்கள் 54-ஐ லண்டன் டவர் பாலத்தைத் தூக்கும் இயந்திரத்தில் கொடுத்து அப்பளமாக நசுக்கி, ஒரு பொருட்காட்சிச்சாலையில் வட்டமாகத் தொங்க விட்டார். மூச்சில்லாத வாத்தியங்கள் என்ற பொருளில் பெயர் வைத்தார். அழகாக இருக்கிறது, எனக்கு அழுகை வரவில்லை, அவ்வளவுதான்.

அழுகை வந்தது வேறொன்றைப் பார்த்து. 1998-இல் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்து ஜாஸ்பர் என்ற ஊரில், ஜேம்ஸ் பேர்ட் என்ற கறுப்பரை மூன்று வெள்ளையர்கள் லாரியின் பின்னால் கட்டித் தெருவில் இழுத்துக் கொன்றார்கள். இரண்டு வருஷம் கழித்து கிறிஸ்டியன் மார்க்லே என்ற கலைஞர் அதே டெக்ஸாஸில் ஒரு சிறு லாரியின் பின்னால் ஒரு கிடாரைக் கயிற்றால் கட்டினார். லாரியில் ஒலிபெருக்கி. வண்டி கிளம்பித் தார் ரோட்டிலும் சரளைக் கல்லிலும் புல் மேட்டிலும் ஓடுகிறது. சுமார் 14 நிமிஷம். கிடார் ஓலமிடுகிறது, முனகுகிறது, துண்டு துண்டாகிறது. ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. என் மகளும் நானும் பாதியில் நிறுத்திவிட்டோம். மேடையில் உடைத்த எத்தனையோ கிடார்களுக்கும் இதற்கும் உள்ள தூரத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை.

இதற்கு நேர் எதிராக 2024 மே மாதம் ஆப்பிள் கம்பெனி தன் புதிய கணினிப் பலகைக்கு விளம்பரம் போட்டதே, நினைவிருக்கிறதா? பெரிய நசுக்கு இயந்திரம் ஒன்று பியானோ, கிடார், டிரம்பெட் எல்லாவற்றையும் கூழாக்கி, கடைசியில் மெல்லிய பலகையை நீட்டும். உலகம் முழுவதும் ஏச்சு விழுந்தது. சில நாளிலேயே கம்பெனி வருத்தம் தெரிவித்துக் கொண்டது. அதுவும் நசுக்கல்தான், பார்க்கரும் நசுக்கல்தான். ஆனால் ஜனங்கள் வித்தியாசம் கண்டுபிடித்து விட்டார்கள்.

முடிக்குமுன் ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அன்னியா லாக்வுட். நியூஸிலாந்தில் 1939-இல் பிறந்து, லண்டனில் சங்கீதம் படித்தவர். 1968-இல் தேம்ஸ் கரையில் ஒரு பியானோவுக்குத் தீ வைத்தார். தீயின் ஓசையைப் பதிவு செய்ய வேண்டும் என்பது உத்தேசம். ஒலிவாங்கிக்குக் கல்நார் சுற்றி உள்ளே வைத்தார். சூட்டில் தந்திகள் ஒவ்வொன்றாக அறுந்து ஒலித்தன. ஆனால் அவர் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: இனி எந்த மெக்கானிக்காலும் சரி செய்ய முடியாத பியானோவாக இருக்க வேண்டும். வாசிக்கக் கூடியதைத் தொடக் கூடாது. இந்த ஒரு வரிக்காகவே அந்த அம்மாளை எனக்குப் பிடித்துவிட்டது.

அடுத்து அவர் செய்தது இன்னும் விசேஷம். 1969-70-இல் இங்கிலாந்தின் எஸெக்ஸ் பகுதியில் ஒரு தோட்டத்தில் செத்துப் போன பியானோக்களைக் கொண்டு வைத்தார். சுற்றிலும் கொடியும் செடியும் நட்டார். மழைக்கும் வெயிலுக்கும் மறைப்புக் கட்டக் கூடாது. யாரும் அவற்றை நகர்த்தவும் கூடாது. கட்டைகளின் நடுவே செடி கிளம்பி, தந்தியில் கொடி சுற்றி, பியானோ மெல்ல மண்ணாகும் வரையில் அதுதான் கச்சேரி. 1972-இல் டெக்ஸாஸில் ஒரு குட்டையிலும் ஒரு பியானோவை இறக்கினார்.

இதை மாமியாருக்குச் சொன்னேன். கேட்டுக் கொண்டே இருந்தவர், "அந்த வீணையை இறக்குங்கள்" என்றார்.

இறக்கினோம். ஜமக்காளத்தைப் பிரித்தால் ஒரே தூசி. யாளி முகத்தில் ஒரு கண் இல்லை. மெழுகு உதிர்ந்து மெட்டுக்கள் ஆடின. குடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். ஓரத்தில் கரையான் தடம். தெரிந்த ஆசாரி ஒருவரை வரவழைத்தோம். குடத்தைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். "மேளம் புதிதாகக் கட்டலாம். குடம் தாங்குமா என்று சொல்ல முடியாது. பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். பிரித்த பிறகு சேராமலும் போகலாம்" என்றார்.

"பிரிக்கலாமா, வேண்டாமா பாட்டி?" என்று மகள் கேட்டாள். "இல்லாவிட்டால் மொட்டை மாடியில் மல்லிகைத் தொட்டி பக்கத்தில் வைத்துவிடலாம்."

மாமியார் பதில் சொல்லவில்லை. அறுந்து போகாமல் மிஞ்சியிருந்த ஒரே தந்தியை விரல் நுனியால் மீட்டினார். சுருதி சேராத ஒரு சப்தம் வந்தது. மூன்று பேரும் அது ஓய்கிற வரையில் கேட்டோம். ஆசாரி மறுபடி வருகிற புதன்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதற்குள் கரையானுக்கு மருந்து மட்டும் வைத்திருக்கிறோம்.